குறைந்த பட்ஜெட்டில் பழைய கிரேக்க வெள்ளிக் காசு: ஒரே ஆந்தையா, ஐந்தாறு சின்னக் காசுகளா?

பிறைவாசி (பினாங்கு) கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். முதலில் ஒரு சின்ன ஏற்பாடு. நம் ஊரில் 'ஐந்நூறு வெள்ளி' என்றால் ரிங்கிட் என்று பொருள். இந்த இழையில் வெள்ளி என்றால் உலோகம் மட்டும்தான். விலையை ரிங்கிட் என்றே எழுதுவோம், இல்லாவிட்டால் பாதிப் பதில்கள் புரியாது.

நீரிணைக் குடியேற்றக் காசுகளும் மலாயாக் காசுகளும் ஓரளவு பழக்கம். கிரேக்கம் புதிது. ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் ஒதுக்க முடியும். அதை வைத்து ஏதென்ஸ் நகரத்தின் ஆந்தைக் காசு (ஒரு பக்கம் அத்தீனா தெய்வம், மறுபக்கம் ஆந்தை) ஒன்றை வாங்கிவிடலாமா, சிறிய காசுகளாகச் சேர்ப்பது நல்லதா? சிறிய காசு என்றால் எந்த ஊர்க் காசு, என்ன எடை, என்ன விலை? ஐரோப்பிய ஏலத்தில் எடுத்தால் கைக்கு வரும்போது மொத்தம் எவ்வளவு ஆகும்? போலியை வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? கடைசியாக, கடற்கரைப் பக்கத்து வீட்டு ஈரக்காற்றில் இவற்றை எப்படி வைப்பது?

காசுப்பெட்டி (செந்தூல்):

ஆந்தையை இப்போதைக்கு விடுங்கள். கி.மு. 454 முதல் 404 வரை ஏதென்ஸ் அந்த ஆந்தைக் காசை, அதாவது டெட்ராட்ராக்மை, மலைமலையாக அடித்துத் தள்ளியது. அண்மை ஆண்டுகளில் பெரிய குவியல்களும் சந்தைக்கு வந்திருக்கின்றன. மூன்று ஆண்டு கழித்துப் போனாலும் ஆந்தை அங்கேயேதான் இருக்கும். உங்கள் 2,500க்கு இன்று கிடைக்கிற ஆந்தையில் ஏதாவது ஒரு குறை இருக்கும்: அத்தீனாவின் தலைக்கவச முகடு தட்டுக்கு (அச்சு விழும் உலோகத் துண்டுக்கு) வெளியே போயிருக்கும், இல்லை உள்ளே செம்பா என்று பார்க்க அக்காலத்து வணிகன் உளியால் போட்ட வெட்டு ஆந்தையின் முகத்தின் குறுக்கே ஓடும். இதற்கு ஓராண்டுப் பணத்தையும் கொட்ட வேண்டுமா?

எடை வாய்ப்பாட்டை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். அத்தீனிய முறையில் ஒரு ட்ராக்ம் 4.3 கிராம். நான்கு சேர்ந்தால் டெட்ராட்ராக்ம், 17.2 கிராம். ஆறு ஒபோல் ஒரு ட்ராக்ம். ஆகவே ஒபோல் 0.72, அரை ஒபோல் 0.36. மற்ற நகரங்கள் வேறு எடைமுறை வைத்திருந்தன, ஆனால் இந்த அளவுகோல் கையில் இருந்தால் பட்டியலைப் படிக்கும்போதே எது இடறுகிறது என்று தெரியும்.

முதல் காசு என்று கேட்டால் என் ஓட்டு கிசிக்கோஸுக்கு. மர்மாராக் கடலின் தென்கரையில் இருந்த துறைமுகம் அது. தலைப்பக்கம் காட்டுப்பன்றியின் முன்பாதி, அதன் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் ஒரு சூரை மீன். பூப்பக்கம் சதுரக் குழிக்குள் வாய் பிளந்த சிங்கத் தலை. சூரைக் கூட்டம் கருங்கடலுக்குப் போய் வரும் வழியில் இருந்த ஊர் என்பதால் மீன்தான் அவர்கள் முத்திரை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த காசு, அரை ஒபோல் சுமார் 0.4 கிராம், 8 முதல் 10 மில்லிமீட்டர். நம் 5 சென் காசின் குறுக்களவில் பாதி. சராசரி நிலையில் 120 முதல் 250 ரிங்கிட். தேர்ந்தெடுக்கும்போது மீன் முழுதாக இருக்கிறதா, பன்றியின் மூக்கு தட்டுக்குள் விழுந்திருக்கிறதா, இரண்டை மட்டும் பாருங்கள். சிங்கம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை.

அடுத்தது திரேசிய செர்சோனீஸ் (இன்றைய கலிபோலி தீபகற்பம்) அரை ட்ராக்ம், கி.மு. நான்காம் நூற்றாண்டு, சுமார் 2.4 கிராம். சிங்கத்தின் முன்பாதி தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். மறுபக்கம் நான்காகப் பிரித்த குழி, எதிரெதிர் இரண்டு கட்டங்களில் புள்ளி, எழுத்து, தேனீ, திராட்சைக் குலை என்று சின்னங்கள் மாறிக்கொண்டே வரும். ஒரே வகையில் பல சின்னம் சேர்ப்பவர்களுக்கு இது சுரங்கம். 250 முதல் 500 ரிங்கிட். பாரியோன் நகர அரை ட்ராக்மும் இதே விலை: திரும்பிப் பார்க்கும் காளை, மறுபக்கம் நாக்கை நீட்டும் கோர்கோன் என்ற அரக்கியின் முகம்.

அலெக்சாண்டர் பெயரிலான ட்ராக்ம் ஒன்று எந்தச் சேகரிப்பிலும் இருக்க வேண்டும். சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளீஸ் தலை. மறுபக்கம் கழுகேந்தி அமர்ந்த சீயஸ். குறுக்களவு 5 சென் போல, எடை ஏறக்குறைய 20 சென் காசளவு, அந்த அளவுக்குத் தடிப்பு. 350 முதல் 800 வரை. பெரும்பாலானவை அவர் இறந்த கி.மு. 323க்குப் பிறகு லாம்ப்சாக்கோஸ், அபிடோஸ், கொலொஃபோன், சார்டிஸ் போன்ற சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) நாணயச்சாலைகளில் அடித்தவை. 'வாழ்நாள் காசு' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், அலெக்சாண்டர் காசுகளுக்கென மார்ட்டின் பிரைஸ் என்ற அறிஞர் 1991இல் வெளியிட்ட பட்டியலின் எண்ணைக் கேளுங்கள். எண் கிடைத்ததும் அமெரிக்க நாணயவியல் கழகத்தின் பெல்லா தளத்தில் இலவசமாகவே நாணயச்சாலையும் காலமும் பார்த்துவிடலாம். சீயஸ் காலை மடித்திருந்தால் பிற்காலம் என்பது ஓரளவு சரி. மடிக்காவிட்டால் வாழ்நாள் என்பது சரியில்லை.

நம்மவர்களுக்கென்று ஒரு தனி மூலை உண்டு: இந்தோ-கிரேக்கர், அதாவது வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசர்கள். பௌத்த நூல்களில் மிலிந்தனாக வரும் மெனாண்டரின் ட்ராக்ம் சுமார் 2.45 கிராம், 180 முதல் 400 ரிங்கிட். தலைப்பக்கம் கிரேக்க எழுத்தில் 'பசிலியோஸ் சோதிரோஸ் மெனாந்த்ரூ'. பூப்பக்கம் இடி எறியும் அத்தீனா, சுற்றி வலமிருந்து இடமாக ஓடும் கரோஷ்டி எழுத்தில் 'மஹராஜஸ த்ராதரஸ மெனத்ரஸ'. இரண்டுமே ஆறாம் வேற்றுமை: காக்கும் அரசன் மெனாண்டரது காசு. இரண்டு மொழியும் ஒரே காசில் இருப்பதால் எழுத்துப் படிக்கப் பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது. முதலாம் அப்பொல்லோடோட்டஸின் சதுரக் காசில் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் திமில் காளை. அதைப் பார்த்தால் நம் ஊர்க் காசு மாதிரியே இருக்கும்.

ஆனால் 'சங்க கால யவனர் காசு' என்ற பெயரில் யாராவது கிரேக்க ட்ராக்மை நீட்டினால் அந்த ஆளை விட்டு விலகுங்கள். கோவை, கரூர் பக்கம் மண்ணிலிருந்து வந்தவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து தெனாரி என்ற ரோமானிய வெள்ளிக் காசுகள். அது தனிக் கதை, தனி விலை. தமிழ்நாட்டுக்குப் போகும்போது அங்கே வாங்கிப் பையில் போட்டு வருவதும் கூடாது: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

கணக்கப்பிள்ளை (செராஸ்):

விலைக் கேள்விக்கு மட்டும் பதில்.

ஏலத்தில் சுத்தியல் விலை (ஏலம் முடியும் தொகை) என்பது பாதி உண்மை. அதன் மேல் வாங்குபவர் கமிஷன் 15 முதல் 25 விழுக்காடு. அப்புறம் தபால். யூரோ 4.80 ரிங்கிட், கமிஷன் 20 விழுக்காடு, தபால் 25 யூரோ என்று வைத்துக்கொண்டு போடுகிறேன். அன்றைய மாற்று விகிதத்தை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரே காசு, 60 யூரோவுக்கு விழுகிறது. கமிஷன் 12, தபால் 25, மொத்தம் 97 யூரோ. ரிங்கிட்டில் 465.60. திரையில் பார்த்த 60 யூரோ வெறும் 288 ரிங்கிட்தான், பாருங்கள். இதே ஏலத்தில் 45, 60, 70 என்று மூன்று காசு எடுத்தால் 175, கமிஷன் 35, தபால் அதே 25, மொத்தம் 235 யூரோ, 1,128 ரிங்கிட். தபால் செலவு காசுக்கு 40 ரிங்கிட்டாக இறங்கிவிடுகிறது. ஆகவே ஆண்டுக்கு இரண்டே ஏலம், ஒவ்வொன்றிலும் மூன்று காசு. மாதம் ஒன்று என்று எடுத்தால் தபால்காரருக்குத்தான் சேகரிப்பு வளரும்.

மேல்விலையைக் காகிதத்தில் எழுதி வைத்த பிறகே ஏலத்தில் உட்காருங்கள். கமிஷனைக் கழித்து எழுத வேண்டும்: கையிலிருந்து 100 யூரோவுக்கு மேல் போகக் கூடாது என்றால் 100ஐ 1.2 ஆல் வகுத்து 83 என்று எழுதுங்கள். நேரலை ஏலத்தில் இரவு பன்னிரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் விரல் அழுத்துகிற அந்த இரண்டு கூடுதல் படிதான் பட்ஜெட்டைத் தின்னும். ஐரோப்பிய மதிய ஏலம் நமக்கு இரவு, அதை மறக்க வேண்டாம். முன்கூட்டியே எழுத்து மூலம் ஏலம் கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்வது நல்லது.

கார்டு, பேபால் என்றால் சில ஏல நிறுவனங்கள் தனிக் கட்டணம் போடும். வைஸ் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக வங்கிக்கு அனுப்பினால் குறையும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பும்போது வாட் வரி கழிக்கப்படுமா என்று விதிமுறையில் பாருங்கள். இத்தாலி, ஸ்பெயின் ஏலமென்றால் ஏற்றுமதி அனுமதிக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்; அவசரக்காரர்களுக்கு அது ஆகாது.

பொட்டலத்தின் மேல் சுங்க எண் 9705.31 என்று எழுதச் சொல்லுங்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயவியல் பொருளுக்கான எண் அது. 'வெள்ளி' என்றோ 'நகை' என்றோ எழுதினால் வேறு தலைப்பில் விழும், விலைச்சீட்டைக் கொண்டுபோய் விளக்க வேண்டி வரும். 500 ரிங்கிட்டும் அதற்குக் கீழும் உள்ள இணையக் கொள்முதலுக்கு 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவு பெற்ற விற்பனையாளர் பில்லிலேயே அதைச் சேர்த்துவிடுவார். விலையைக் குறைத்து எழுதித் தரச் சொல்லாதீர்கள். தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான்.

எடைக்கல் (பிரிக்பீல்ட்ஸ்):

போலி விஷயம். 0.01 கிராம் காட்டும் மின்தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, டிஜிட்டல் காலிப்பர். மூன்றும் சேர்த்து ஒரு காசின் விலைக்குள் முடியும். ஆனால் தராசு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எடை சரியாக இருந்தால் அசல் என்று ஆகாது. இன்றைய போலிக்காரர்கள் நல்ல வெள்ளியில், சரியான எடையில், அச்சு செய்தே அடிக்கிறார்கள். எடை தவறாக இருந்தால் மட்டும் அது பேசும். வெள்ளித் தகடு போர்த்திய செம்புக் காசை அக்காலத்திலேயே செய்தார்கள், 17.2 இருக்க வேண்டிய இடத்தில் 14, 15 என்று நிற்கும்.

ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம்) சோதனை வீட்டில் செய்யலாம். தண்ணீர்க் கோப்பையைத் தராசின் மேல் வைத்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு (குமிழி ஒட்டாமலிருக்க), தராசைப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் முழுக்க மூழ்க விடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் உலர்ந்த எடையை வகுத்தால் ஒப்படர்த்தி. 17.10 கிராம் டெட்ராட்ராக்ம் 1.65 காட்டினால் 10.36, நல்ல வெள்ளி. தூய வெள்ளி 10.49, செம்பு 8.96. ட்ராக்ம் அளவுக்கு வந்தால் 0.01 கிராம் பிழையே விடையைக் கால் புள்ளி அசைத்துவிடும், செம்பா வெள்ளியா என்று மட்டும் சொல்லலாம். அரை ஒபோலுக்கு இந்தச் சோதனையே வேண்டாம்: அது தள்ளும் தண்ணீர் 0.04 கிராம், பிழை 0.01. அந்த விடையை நம்புவதும் பூவா தலையா போட்டுப் பார்ப்பதும் ஒன்றுதான்.

நகைக்கடை எக்ஸ்-கதிர் இயந்திரத்தையும் நம்பி ஏமாற வேண்டாம். அது மேல்தோலை மட்டும் படிக்கும். தகடு போர்த்திய காசும் 'வெள்ளி' என்று வரும், நேற்று அடித்த வெள்ளிப் போலியும் 'வெள்ளி' என்றே வரும். அங்கே கொடுத்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பழக்க தோஷத்தில் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார்கள்.

உண்மையான சோதனை கண்தான். அடித்த காசில் விளிம்பை நோக்கி உலோகம் ஓடிய நுண்கோடுகள் தெரியும். விளிம்பு வெடிப்பு வெளியே அகன்று உள்ளே கூராகப் போகும், உள்சுவர் சொரசொரப்பாக இருக்கும். வார்த்த போலியில் வெடிப்பின் ஓரம் தேய்ந்த சோப்பு மாதிரி உருண்டிருக்கும், உருவத்தைச் சுற்றிய வெற்றுப் பரப்பில் குமிழிக் குழிகள், ஓரத்தில் அரம் போட்டு மறைத்த கோடு. ஆகையால் விளிம்புப் படம் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

இன்னொன்று, பலர் குழப்பிக்கொள்வது. பழைய ஏலங்களின் படங்கள் உள்ள ஏஸிசர்ச் தளத்தில் தேடும்போது அதே அச்சில் அடித்த இன்னொரு காசு கிடைத்தால் பயமில்லை, ஓர் அச்சில் ஆயிரக்கணக்கில் அடிப்பார்கள். அதே தட்டு வடிவம், அதே இடத்தில் மையம் தள்ளல், அதே கீறல் உள்ள இன்னொரு காசு கிடைத்தால்தான் ஆபத்து. கையால் அடித்த இரண்டு காசு அப்படி ஒத்துப்போகவே போகாது. இரண்டும் ஒரே வார்ப்பின் பிள்ளைகள்.

புதியவர்கள் கொஞ்ச காலம் தள்ளிப்போட வேண்டிய ஊர்கள்: அப்பொல்லோனியா பொந்திக்கா, மெசெம்ப்ரியா, இஸ்ட்ரோஸ். 1988இல் கிளம்பிய 'கருங்கடல் புதையல்' காசுகளைப் பார்த்து, அசலா போலியா என்று வல்லுநர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நங்கூரமும் நண்டினமும் உள்ள அப்பொல்லோனியா ட்ராக்ம் அழகாகத்தான் இருக்கும். வீகாயின்ஸ், எம்ஏ-ஷாப்ஸ் தளங்களில் கால வரையறையில்லாமல் திரும்பப் பெறும் உத்தரவாதம் எழுதித் தரும் வணிகரிடம் மட்டும் எடுங்கள்.

லோரோங் கூலிட், அம்கார்ப் மால் சந்தைகளுக்கு மலாயாக் காசு தேடிப் போங்கள். கிரேக்கம் தேடிப் போக வேண்டாம்.

ஜெலுத்தோங்காரர் (பினாங்கு):

பிறையும் ஜெலுத்தோங்கும் ஒரே உப்புக்காற்றுதான், அதனால் இதை நான் சொல்கிறேன்.

மென்மையான, வாசம் அடிக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம். அது பி.வி.சி, நம் வெப்பத்தில் சில ஆண்டிலேயே பச்சைப் பிசின் கசியும். கசிந்துவிட்டால் கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோன், அரை மணி நேரம், ஜன்னல் திறந்து, அடுப்புக்கு எட்டாத இடத்தில். நகப்பூச்சு அழிப்பான் கூடாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். மைலார் உறை நல்லது, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அட்டைச் சட்டம் போட்டு ஸ்டேப்பிள் அடித்தால் ஈரத்தில் கம்பி துருப்பிடித்து அட்டை வழியே இறங்கும்.

கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டி சிறியது ஒன்று போதும், 45 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். அது வேண்டாமென்றால் காற்றுப்புகா உணவு டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஜெல்லின் நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்தி மீண்டும் போடலாம். பூஜை அலமாரி இழுப்பறை வேண்டவே வேண்டாம்: சாம்பிராணி, கற்பூரப் புகைக்கரி மெல்லிசாகப் படியும். அந்துருண்டை போட்ட துணி அலமாரியும் அப்படியே. ரப்பர் பேண்டும் கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கும்.

துலக்குவது பற்றி. குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக் கிண்ணத்துக்கு விபூதி என்று நம் வீடுகளில் கை தானாகப் போகும். இந்தக் காசில் கை வைக்காதீர்கள். விபூதி நுண்ணிய அரம்தான். ஒரு தேய்ப்பில் 2,400 ஆண்டு மேல்தோல் போய்விடும், விலையில் பாதியும் போகும். மண் இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, மூங்கில் பல்குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஒட்டியிருப்பது அழுக்கு இல்லை, வெள்ளி குளோரைடு. காசின் வெள்ளியே அப்படி மாறியிருக்கிறது; சுரண்டினால் அடியில் பள்ளம்தான் இருக்கும்.

இன்னும் ஒன்று. பழைய வெள்ளி உள்ளுக்குள் படிகம் படிகமாகப் பிரிந்து நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கலாம், வெளியே தெரியாது. கணீரென்று ஒலிக்கிறதா என்று சுண்டிப் பார்த்தால் இரண்டாக உடையும். மேசை மேல் துண்டு விரித்து, அதற்கு மேலேயே கையில் எடுங்கள். டைல்ஸ் தரைக்கு மேல் ஒருபோதும் வேண்டாம்.

பிறைவாசி:

எல்லோருக்கும் நன்றி. ஆந்தையை ஒத்திவைத்தாயிற்று. அடுத்த வார ஜெர்மன் ஏலத்தில் இரண்டு அலெக்சாண்டர் ட்ராக்ம் பார்த்தேன். முதலாவது 3.42 கிராம், 17 மில்லிமீட்டர், முகம் அருமை, சீயஸின் தொடையில் பழுப்பாக ஒரு புள்ளி, தொடக்க விலை 40 யூரோ. இரண்டாவது கொலொஃபோன், 4.19 கிராம், இடப்பக்கம் யாழ்ச் சின்னம், ஹெராக்ளீஸ் கன்னத்தில் கீறல், தொடக்கம் 65. எடை வித்தியாசம் தேய்மானமா?

எடைக்கல்:

தேய்மானம் இல்லை. 4.3இலிருந்து 3.42 என்றால் ஐந்தில் ஒரு பங்கு காணோம். அந்த அளவு தேய்ந்திருந்தால் முகமே இருக்காது. நீங்களோ முகம் அருமை என்கிறீர்கள். உயரமான இடத்தில் பழுப்புப் புள்ளி என்றால் தகடு கிழிந்து உள்ளே இருக்கும் செம்பு எட்டிப் பார்க்கிறது. பட்டியலில் 'சுபேரட்' (subaerat) என்ற சொல் இருக்கிறதா பாருங்கள், ஜெர்மன்காரர்கள் தகடு போர்த்திய காசை அப்படித்தான் எழுதுவார்கள். அக்காலப் போலி என்று தெரிந்தே வாங்குவது தப்பில்லை, ஆனால் 40 யூரோ அதற்கு அதிகம். ஈரக்காற்றில் அந்தப் புள்ளி பச்சை பிடிக்கவும் கூடும்.

இரண்டாவதற்கு எடை சரி. கீறலைப் பெரிதாக்கிப் பாருங்கள். பள்ளத்துக்குள்ளும் சுற்றிலும் இருக்கிற அதே கருமை இருந்தால் பழைய கீறல், விலையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. உள்ளே பளபளவென்று இருந்தால் அண்மையில் யாரோ சுரண்டியது, அதற்கு 65க்கு மேல் ஏறாதீர்கள்.

காசுப்பெட்டி:

கொலொஃபோனுக்கு என் மேல்விலை, கீறல் பழையதாக இருந்தால், 80 யூரோ. அதே ஏலத்தில் கிசிக்கோஸ் அரை ஒபோல்கள் மூன்று நான்கு சேர்த்து ஒரே லாட்டாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் பட்டியலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். தபால் எப்படியும் 25 யூரோ கொடுக்கத்தானே போகிறீர்கள்.